எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்)

நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்க வயலில் நிற்கும் டெல்டாக்காரர்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. விரலிடுக்கில் வெடித்திருக்கும் அந்தப் புண் வழியாகத்தான் பெரும்பாலும் இந்த நோய் உள்ளே நுழைகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கிருமி இருக்கும்.

கிரேக்கத்தில் 'லெப்டோஸ்' என்றால் மெல்லிய. 'ஸ்பைரா' என்றால் சுருள். 'ஓசிஸ்' நோய்நிலையைக் குறிக்கும் விகுதி. சும்மா வைத்த பெயரல்ல. கிருமியின் தடிமன் சுமார் 0.1 மைக்ரான்தான், சாதாரண நுண்ணோக்கியில் அகப்படாது. நுனி கொக்கியாக வளைந்து கேள்விக்குறிபோல் தெரிவதால் ஓர் இனத்துக்கு 'இண்டரோகன்ஸ்' என்றே பெயர். மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் கடுமையான வகையை 1886இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல். அதனால் அதற்கு வைல் நோய் என்றும் பெயருண்டு.

தமிழில் எலிக்காய்ச்சல் என்பதே நிலைத்துவிட்டது. நல்ல சொல், ஆனால் அரைகுறை. தஞ்சாவூர்க் கிட்டி வைத்து வயலில் எலியை ஒழித்தவர்கூட, மாட்டுக் கொட்டகையைக் கழுவும்போது இதை வாங்கிக்கொள்ளலாம். மாடு, நாய், பன்றி எல்லாமே கிருமியைச் சுமக்கும். எலிக்கடிக் காய்ச்சலோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு கிருமி, வேறு நோய். கிருமிக்கு 'நுண்சுருளி' என்றும் நோய்க்குப் பழகிய பெயரையே வைத்தும் எழுதலாம் என்பது என் கட்சி.

காய்ச்சல், கண்சிவப்பு, கெண்டைக்கால் வலி என்று வந்தால் டெங்குவா இதுவா என்று சட்டெனப் பிரிக்க முடியாது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தைத் தேடும் பரிசோதனை முதல் வாரத்தில் பல நேரம் 'இல்லை' என்றே சொல்லும். கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை முன்கூட்டியே பிடிக்கும், ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மரபணு வரிசையறிதலில் அந்தத் தேவையே இல்லை. மாதிரியில் உள்ள மரபணுத் துணுக்குகளையெல்லாம் படித்து, தெரிந்த கிருமிகளின் வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். 2014இல் வெளியான ஓர் அறிக்கை இதற்கு நல்ல உதாரணம்: அமெரிக்காவில் மூளைக்காய்ச்சலால் படுத்த 14 வயதுச் சிறுவனின் தண்டுவட நீரில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட துணுக்குகளைப் படித்தார்கள். அவற்றில் 475 மட்டும் நுண்சுருளியுடையவை. அதுவே போதுமானதாக இருந்தது; பென்சிலின் கொடுத்தார்கள், பையன் பிழைத்தான்.

அந்த வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது. அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் அல்லது பென்சிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். வயலில் நின்றதையோ கொட்டகை கழுவியதையோ நோயாளி சொன்னால்தான் அந்தச் சந்தேகமே அவர்களுக்கு வரும்.