ஊதா மஞ்சளாகும்போது: நாவல் கொட்டைக்குள் என்ன இருக்கிறது?

மொரீசியஸில் நாங்கள் 'ஜாம்லோன்' என்று சொல்லும் பழம் நம் நாவல்தான். சிறுவயதில் நாங்கள் சதையைத் தின்று நாக்கை ஊதாவாக்கிக்கொள்வோம். பாட்டி கொட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். முறத்தில் காயவைத்து, மேல்தோல் நீக்கி, இடித்துச் சலித்து பாட்டிலில் அடைப்பார். ஒரு சிட்டிகை நாக்கில் பட்டால் வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கும்.

அந்தத் துவர்ப்பு டானின் என்ற வேதிப்பொருளால் வருவது. கூடவே காலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் உண்டு. பூச்சி கொட்டையை அரிக்காமல் இருக்க மரம் வைத்த காவல் இவை. இவற்றின் வளைய அமைப்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனைச் செல்கள் பயன்படுத்தும்போது, ஜோடியில்லாத எலக்ட்ரானுடன் சில மூலக்கூறுகள் பிறக்கின்றன. இவையே ஃப்ரீ ராடிக்கல்கள். பக்கத்தில் இருக்கும் மூலக்கூறிடம் எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். செல் சவ்வின் கொழுப்பில் இது சங்கிலியாக ஓடும். டானின் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடுகிறது. அதனிடம் மிஞ்சும் தனி எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவி அடங்கிவிடுவதால், அது யாரிடமும் பறிப்பதில்லை. சங்கிலி அறுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். டிபிபிஎச் என்ற ராடிக்கலை மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா நிறம். நாவல் கொட்டைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவி அளக்கும். ராடிக்கலில் பாதியை அடக்க எவ்வளவு சாறு தேவை என்பதே கணக்கு. குறைவாகத் தேவைப்பட்டால் சாறு வலுவானது. எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

ஆனால் சோதனைக் குழாய் வேறு, உடம்பு வேறு. டானின் பெரிய மூலக்கூறு. குடலைத் தாண்டி அப்படியே இரத்தத்தில் சேர்வது சொற்பம். சேர்வதையும் கல்லீரல் உருமாற்றிவிடும். இப்படி ராடிக்கலை அடக்கும் பொருளான ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களிடம், சாப்பிடாதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

எங்கள் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். நாவல் கொட்டைப் பொடி சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் பதறுகிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊதா மஞ்சளானது சர்க்கரையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அதை அறிய இரத்தத்தைத்தான் பார்க்கவேண்டும்.