ரீஸ்டார்ட் செய்து பார்ப்பது சோதனை ஆகாது

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் நிறுவித் தரும் வேலை எனக்கு அடிக்கடி வரும். நிறுவுவது பெரிய வித்தை இல்லை. சோதிக்கத்தான் அரை நாள் ஆகிறது. முன்பெல்லாம் அதைச் செய்யமாட்டேன். கணினியைத் திறக்கும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் இரண்டு பெயரும் தெரிந்தால் வேலை முடிந்தது என்று கொடுத்துவிடுவேன்.

அப்படித்தான் ஒரு மாணவரின் லேப்டாப்பைக் கொடுத்தேன். அன்று மாலையே போன். "அண்ணா, நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது, நான் எந்தப் பூட்டும் போடவில்லையே!" அவர் போடவில்லைதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே வட்டு தானாகக் குறியாக்கம் ஆகியிருந்தது. நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட் வசதியை நான் அணைத்ததும், குறியாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் இது முன்பிருந்த அதே நிலையில் இல்லை என்று சாவியைத் தர மறுத்துவிட்டது. மீட்புச் சாவியான அந்த 48 இலக்க எண் அந்தக் கணக்கில் பத்திரமாக இருந்தது. கணக்கின் கடவுச்சொல்தான் அவருக்கு மறந்துபோயிருந்தது. தவறு என்னுடையது. இப்போது நிறுவும் பென்டிரைவைச் செருகும் முன்பே அந்த 48 இலக்கங்களையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன். தரவுகளின் நகலும் வேறொரு வட்டில் இருக்க வேண்டும், அதைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை; கெர்னல் என்னும் தன் மையப் பகுதியின் நிலையை வட்டில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸில் இருந்து விண்டோஸின் வட்டுப் பகுதியில் கோப்பு எழுதினால் சேதமாகலாம். அதனால் பெரும்பாலும் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் முழுதாகவே அணைகிறது. ரீஸ்டார்ட் செய்தே சோதிக்கிறவர் கண்ணில் இந்தக் கோளாறு படவே படாது. ஷட் டவுன் செய்து, லினக்ஸில் நுழைந்து, இரண்டும் பயன்படுத்தும் வட்டுப் பகுதியில் ஒரு கோப்பைச் சேமித்து, மறுபடி விண்டோஸில் திறந்து பாருங்கள். சரியில்லை என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள்.

கடிகாரமும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் தவறாகக் காட்டலாம். இணையம் இருந்தால் நேரம் தானாகத் திருந்திவிடும். ஆகவே இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதியுங்கள்.

மெய்நிகர் கணினியில், அதாவது மென்பொருளுக்குள் இயங்கும் போலிக் கணினியில், ஒத்திகை பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். வட்டைப் பிரித்துப் பழக அது நல்லது. உங்கள் கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) எப்படி நடந்துகொள்ளும் என்பது அங்கே தெரியாது.

கடைசியாக இரண்டு பக்கமும் எல்லா அப்டேட்டுகளையும் போட்டுவிட்டு மறுபடி திறந்து பார்ப்பேன். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, செக்யூர் பூட் இயங்கிய பல இரட்டை நிறுவல் கணினிகளில் லினக்ஸ் திறக்க மறுத்தது. கிரப்பிலும் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கிறது. மெனுவைப் புதுப்பிக்கும்போது விண்டோஸின் பெயர் காணாமல் போகலாம். வட்டில் விண்டோஸ் அப்படியேதான் இருக்கும், பதற வேண்டாம். அந்த வசதியை இயக்கி மெனுவை மறுபடி உருவாக்கினால் பெயர் திரும்ப வரும்.

இப்போதெல்லாம் கணினியோடு நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன்.