அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதில்லை

மூச்சுத்திணறலின்போது ஆஸ்துமா நோயாளி உறிஞ்சும் சால்பியூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடுகிறது. இத்தனைக்கும் அம்மருந்து அச்செல்களுக்குள் நுழைய வேண்டியதில்லை. உடலில் சுரக்கும் அட்ரினலினைப் போலவே அதுவும் செல்சவ்வின் வெளிப்பக்கத்தில் உள்ள பீட்டா-2 ஏற்பி என்னும் புரதத்தில் பொருந்தி, அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த ஏற்பி, ஏழு சுருள்களாகச் சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து செல்லும் ஒரே புரதச் சங்கிலி. வெளிப்பக்கக் குழிவில் அட்ரினலின் அமரும்போது அங்கு நிகழும் அசைவு மிகச் சிறியது. உட்பக்கத்திலோ ஆறாவது சுருளின் முனை ஏறத்தாழ 14 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வெளிநோக்கி விலகி, ஒரு பள்ளம் திறக்கிறது. அந்தப் பள்ளத்திற்குள், ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதத்தின் வால்முனை செருகிக்கொள்கிறது. அமெரிக்க அறிவியலாளர் பிரையன் கோபில்காவின் குழுவினர், லாமா என்னும் விலங்கிடமிருந்து பெற்ற எதிர்ப்புரதத் துண்டு ஒன்றைக் கொண்டு இவ்விணைப்பைக் குலையாமல் நிலைநிறுத்தி, 2011இல் அதன் அணு அமைப்பை வெளியிட்டார்கள். மறு ஆண்டே இவ்வகை ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுகளுக்காகக் கோபில்காவுக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி ஜி-புரதத்தைத் தூண்டுகிறது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இந்த நிகழ்வின் அழகு முழுவதும் அந்த வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துணையலகுகள் கொண்ட ஜி-புரதம் ஓய்வில் இருக்கும்போது, ஆல்ஃபா தன் இரு மடல்களுக்கிடையே, இரண்டு பாஸ்பேட்டுகள் கொண்ட குவானோசின் டைபாஸ்பேட் மூலக்கூறு ஒன்றை இறுகப் பற்றியிருக்கும். ஏற்பி அதனுடன் எதையும் ஒட்டுவதில்லை, ஆற்றலும் ஊட்டுவதில்லை; பிடியைத் தளர்த்த மட்டுமே செய்கிறது. மடல்கள் அகன்று டைபாஸ்பேட் நழுவியதும், செல்லுக்குள் பல மடங்கு மிகுதியாக உள்ள, மூன்று பாஸ்பேட்டுகள் கொண்ட குவானோசின் டிரைபாஸ்பேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடனே ஆல்ஃபா தன் கூட்டாளிகளை விட்டுப் பிரிந்து அடினைலைல் சைக்ளேஸ் நொதியைச் சேர, அந்நொதி சுழற்சி ஏஎம்பி மூலக்கூறுகளை ஏராளமாக உருவாக்குகிறது. தசையைத் தளர்த்தும் செய்தி அவற்றின் வழியாகவே செல்லெங்கும் பரவுகிறது.

நிறுத்தும் ஏற்பாடு ஆல்ஃபாவிலேயே அமைந்திருக்கிறது: டிரைபாஸ்பேட்டில் ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிட்டு அது ஓய்வுநிலைக்குத் திரும்புகிறது. ஏற்பியின் பக்கத்தில், அரெஸ்டின் என்னும் புரதம் அதே பள்ளத்தில் வந்து அமர்ந்து, அடுத்த ஜி-புரதம் செருக இடமில்லாமல் செய்துவிடுகிறது.

ஆல்ஃபா செய்யும் அந்த வெட்டு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காலராவில் காணலாம். காலராக் கிருமி வெளிவிடும் நஞ்சே குடலில் நீரைத் தேங்கச் செய்கிறது என்பதைக் கொல்கத்தாவில் சம்பு நாத் தே 1959இல் நிறுவினார். அந்த நஞ்சின் ஒரு பகுதி குடற்செல்லுக்குள் புகுந்து, அங்குள்ள ஆல்ஃபாவின் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் ஒன்றில் ஒரு வேதித் துணுக்கை ஒட்டி, அதன் வெட்டும் திறனை முடக்கிவிடுகிறது. ஏற்பியில் எந்த ஹார்மோனும் வந்து சேராதபோதும் சுழற்சி ஏஎம்பி பெருகிக்கொண்டே போக, குளோரைடு அயனிகள் குடலுக்குள் கொட்டுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுவதால், கடுமையாகத் தாக்கப்பட்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழக்க நேரிடுகிறது.