டிக்கெட் விற்காத ஆட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் டென்னிஸ் போட்டிக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டம். இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஆறு ஒற்றையர் ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கு புள்ளியை முதலில் எட்டும் அணி ஜெயிக்கும். தொலைக்காட்சி உரிமையாலும் சொல்லும்படியான வருமானம் இல்லை.

செலவு மட்டும் நிற்பதில்லை. பயிற்சியாளர்களின் சம்பளம், விமானம், ஹோட்டல், நடுவர்கள், பந்து. இன்றைய வீரர்கள் விரும்பும் பாலியஸ்டர் ஸ்ட்ரிங் அறுந்து போகாவிட்டாலும் சீக்கிரமே இறுக்கம் தளர்ந்துவிடும். அதனால் ராக்கெட்டுக்கு அடிக்கடி புது ஸ்ட்ரிங் போட வேண்டும். அணிகள் மோதும் சீசன் ஜனவரியில் தொடங்குகிறது. பனி கொட்டும் வட மாநிலங்களில் கூரை போட்ட கோர்ட் இல்லாமல் வேலை நடக்காது. சொந்தமாக இல்லாத கல்லூரி மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறது.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் பெரிதாக நிற்கும் வரிகளில் ஒன்று ஸ்காலர்ஷிப். அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் உயர்மட்டமான டிவிஷன் 1-இல், ஆண்கள் டென்னிஸ் அணிக்கு நீண்ட காலம் 4.5 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. பெண்கள் அணிக்கு 8. பெண்களுக்கு அது எட்டுப் பேருக்கு முழு உதவி. ஆண்களுக்கோ நாலரையைத் துண்டு போட்டுப் பகிரலாம்: ஒருவருக்கு முக்கால், இன்னொருவருக்குப் பாதி, மூன்றாமவருக்குப் புத்தகச் செலவு மட்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆண்டுக் கட்டணம் 40,000 டாலர், அணியில் ஒன்பது பேர். நாலரை ஸ்காலர்ஷிப் என்றால் 1,80,000 டாலர். விளையாட்டுத் துறை இதைச் செலவு என்று எழுதுகிறது. ஆனால் அந்தப் பணம் போவது அதே பல்கலைக்கழகத்தின் கல்விக் கணக்குக்கு. இடது பையிலிருந்து வலது பைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மீதி நாலரைப் பங்கை, அதாவது இன்னொரு 1,80,000 டாலரை, வீரர்களின் குடும்பங்கள் கட்டுகின்றன. அது வெளியிலிருந்து வரும் நிஜமான பணம். விளையாட்டுத் துறையின் கணக்கில் அது வருமானமாகத் தெரிவதே இல்லை.

அப்படியானால் அணியைக் கலைத்தால் என்ன மிச்சமாகும்? வகுப்பில் இடம் காலியாக இருக்கும் கல்லூரி என்றால், மாணவர் ஒருவர் கூடுவதால் ஆகும் கூடுதல் செலவு சொற்பம். சாப்பாடும் தங்குமிடமும்தான் முக்கியம். அங்கே அணியைக் கலைப்பது கட்டணம் கட்டும் மாணவர்களை அனுப்பிவிடுவதாகவும் ஆகலாம். இடத்துக்கு அடித்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தில் கதை வேறு. அந்த இருக்கைக்கு முழுக் கட்டணம் கட்ட இன்னொருவர் காத்திருப்பதால் ஸ்காலர்ஷிப் உண்மையான இழப்பு. ஒரே வரி, இரண்டு இடத்தில் இரண்டு பொருள். அணி நஷ்டத்தில் ஓடுகிறது என்று அறிவிப்பு வரும்போது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவே கூடாது.

டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. சிறிய தனியார் கல்லூரி ஒன்றில் பயிற்சியாளர் பத்து மாணவர்களைச் சேர்க்கிறார், சலுகை போக ஆளுக்கு 25,000 டாலர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு இரண்டரை லட்சம். டென்னிஸ் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்களா என்பதுதான் கணக்கின் முடிச்சு.

சரி, ஆண்களுக்கு ஏன் நாலரை, பெண்களுக்கு ஏன் எட்டு? 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் அமெரிக்கக் கால்பந்து மட்டும் 85 ஸ்காலர்ஷிப்பை எடுத்துக்கொண்டது, அத்தனையும் ஆண்களுக்கு. ஈடுகட்ட, மற்ற விளையாட்டுகளில் பெண்களின் பங்கு கூடியது. சிக்கனம் என்று வந்தால் முதலில் ஆபத்துக்குள்ளாவதும் ஆண்கள் டென்னிஸ் மாதிரியான அணிகள்தான். 2020 ஆகஸ்டில் அயோவா பல்கலைக்கழகம் ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், இருபாலர் நீச்சல் ஆகியவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. நீச்சல் வீராங்கனைகள் டைட்டில் நைனைக் கையில் எடுத்து நீதிமன்றம் போனார்கள். பெண்கள் நீச்சல் அணி திரும்ப வந்தது. ஆண்கள் டென்னிஸ் வரவில்லை. பெண்களின் உரிமைமேல் இதற்குப் பழி போடுவது நியாயமில்லை. பணத்தையும் இடத்தையும் அள்ளிக்கொண்டது கால்பந்து.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. அது இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், ஆள் எண்ணிக்கை வரம்பு வந்தது. டென்னிஸுக்கு ஆண், பெண் இரு அணிக்கும் தலா 10 பேர். விரும்பினால் பத்துப் பேருக்கும் முழு உதவி தரலாம். ஆனால் அதே சமரசம், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கவும் வழி செய்தது. இதில் பெரும்பங்கு கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான். டென்னிஸுக்கு அனுமதி கூடியிருக்கிறது, பணம் கூடவில்லை.

இதனால்தான் பயிற்சியாளர்கள் பழைய மாணவர்களைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் கேட்பது வைப்பு நிதி: அசலைத் தொடாமல், ஆண்டுக்கு நான்கைந்து சதவீதத்தை மட்டும் எடுத்துச் செலவழிப்பது. பத்து லட்சம் டாலர் போட்டால் 40,000 முதல் 50,000 வரை கிடைக்கும். கிட்டத்தட்ட ஒரு வீரரின் ஓராண்டு. ஸ்டான்ஃபோர்டில் டென்னிஸ் அரங்கத்துக்கு டௌப் என்ற கொடையாளர் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. டென்னிஸுக்கு மட்டும் என்று நன்கொடையாளர் எழுதி வைத்த நிதியைக் கால்பந்துக்குத் திருப்புவது லேசல்ல. பட்ஜெட் கூட்டத்தில் ஓர் அணியின் பெயர் அடிபடும்போது, அந்த நிதி எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.