நாளை காலை வந்து பார்க்கவும்

இரவு ஒன்பதே முக்கால் மணி. சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் கைப்பேசி அதிர்கிறது. மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி: 'நாளை காலை வந்ததும் என்னைப் பார்க்கவும்.' வேறு ஒரு சொல் கிடையாது. அடுத்த வார விடுப்புப் பட்டியலைப் பற்றிப் பேசத்தான் அவர் கூப்பிட்டிருப்பார். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் போயிருப்பார். இங்கே ஒருவர் போன வாரம் கொடுத்த அறிக்கையை மனதுக்குள் வரிவரியாகப் புரட்டிக்கொண்டு விழித்துக் கிடக்கிறார்.

எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் 2005-இல் இதை அளந்து காட்டினார்கள். கிண்டலாகச் சிலவும் உண்மையாகச் சிலவுமாக வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பியவர்கள், நூற்றுக்கு 78 சரியாகப் புரியும் என்று நம்பினார்கள். புரிந்தது 56. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைத்துவிடும்! குரலில் சொன்னபோது 73 வரை சரியாகப் போய்ச் சேர்ந்தது.

தோழி இப்படி ஒற்றை வரி அனுப்பினால் 'என்னடி விஷயம்' என்று உடனே கேட்டுவிடலாம். சம்பள உயர்வும் விடுப்பும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் அப்படிக் கேட்க நா எழாது. சொல்லாமல் விட்ட இடத்தை அச்சம் நிரப்புகிறது.

அந்த அச்சம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நடந்த ஒரு சோதனை நல்ல விடை தருகிறது. 2016-இல் வெளியான ஆய்வு அது. கணினித் திரையில் பாறைகள். எதன் அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஷாக் அடிக்கும். 45 பேரின் வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தார்கள். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, அடிக்குமா அடிக்காதா என்பது பாதிக்குப் பாதி என்றிருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தைத் தொட்டது. காரணம் சொல்லாத அழைப்பும் அப்படிப்பட்ட பாறைதான். திட்டு உறுதி என்றால்கூட மனம் ஒருவாறு தயாராகிவிடும்.

நேரமும் சேர்ந்து குழப்புகிறது. லாரா ஜுர்ஜே, வனெசா போன்ஸ் இருவரும் 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வுகளில், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அவசரமற்ற மின்னஞ்சலுக்குக்கூட, அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் தர வேண்டும் என்றே அதைப் பெற்றவர்கள் எண்ணினார்கள். அவசரமில்லை என்று ஒரு வரி சேர்த்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 முதலும், வேலை முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியுள்ளன. நல்ல சட்டங்கள்தான். ஆனால் பகல் பதினொரு மணிக்கு வரும் 'வந்து பார்க்கவும்' எந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்காது.

நம்பிக்கை கரைவது இன்னும் மெதுவாக நடக்கிறது. தவறு நடந்தால் மட்டும் செய்தி அனுப்பும் மேலாளரின் பெயர், நாளடைவில் திரையில் தெரிந்தாலே வயிற்றைப் பிசையத் தொடங்கும். பிறகு அவர் பாராட்டி எழுதினாலும் முதலில் வருவது அந்தப் பிசைவுதான். பிழையைத் தானே போய்ச் சொல்லும் துணிவு அவரிடம் யாருக்கு வரும்?

அதே இரவில் அதே மேலாளர் இப்படி எழுதியிருக்கலாம்: 'நாளை காலை வந்ததும் பார்க்கவும். அடுத்த வார விடுப்புப் பட்டியலைப் பற்றிப் பேச வேண்டும். இப்போது பதில் வேண்டாம்.' கூடுதலாகத் தட்டச்சு செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.