300 மி.மீ. தண்ணீரும் ஓர் ஊசித்துளையும்

"தீ கம்மியா எரியுது" என்றால் முதலில் சிலிண்டரைத்தான் ஆட்டிப் பார்ப்போம். ஆனால் அடுப்பு எவ்வளவு வெப்பம் தருகிறது என்பதை, உள்ளே தெரியும் ட்யூபும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தாலே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

ட்யூபை 'ப' வடிவில் நிறுத்தி, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை கேஸ் வரும் வழியோடு இணைத்தால், அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது ஏறக்குறைய 300 மி.மீ.; பள்ளிக்கூட ஸ்கேலின் முழு நீளம். பாஸ்கலில் சொன்னால் சுமார் 2,940. (இணைப்பைக் கழற்றி மாட்டுவது பழகிய மெக்கானிக்கின் வேலை. கணக்கை நாம் போடலாம்.)

அளக்கும்போது பர்னர் முழுசாக எரிய வேண்டும். அணைத்த அடுப்பில் வரும் எண்ணை நம்பவே கூடாது. ட்யூப் எங்காவது மடங்கியிருந்தாலும் கேஸ் ஓடாதவரை அழுத்தம் குறையாது. ஓடத் தொடங்கியதும்தான் தண்ணீர் மட்டம் உண்மையைச் சொல்லும்.

பர்னருக்குள் கேஸைச் சீறவிடும் பித்தளை ஜெட்டின் துளை 0.7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, கேஸின் அடர்த்தியால் (கன மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோ) வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும்: நொடிக்கு ஏறத்தாழ 52 மீட்டர். துளையின் பரப்பால் பெருக்கி, ஓட்டம் துளையில் சற்றுச் சுருங்குவதற்காக 15 சதவீதம் கழித்து, எடையாக்க மறுபடி அடர்த்தியால் பெருக்கினால், மணிக்கு 134 கிராம் கேஸ். ஒரு கிலோவில் 46 மெகாஜூல் இருப்பதால், வெப்பம் 1.7 கிலோவாட்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வர்க்கமூலம். அழுத்தம் 300-லிருந்து 250-க்கு இறங்கினால் வெப்பம் 9 சதவீதம்தான் குறையும். அழுத்தம் பாதியானாலும் தீயில் 70 சதவீதம் மிஞ்சும். துளை அப்படி இல்லை. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே வெப்பம் 21 சதவீதம் ஏறிவிடும். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குடையாதீர்கள் என்று மன்றாடிச் சொல்வது இதனால்தான். பெருத்த துளையிலிருந்து வரும் கூடுதல் கேஸுக்குக் காற்று போதாது. தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி படியும்.

ஜெட் அடைத்திருந்தால் தண்ணீர் மட்டம் அதைக் காட்டாது. அழுத்தம் சரியாக இருக்கும், தீ மட்டும் சோம்பும். அப்போது ஒரு லிட்டர் தண்ணீரை மூடிவைத்துக் காய்ச்சிப் பாருங்கள். மேலே சொன்ன பர்னரின் வெப்பத்தில் 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போனால், 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு நாலே கால் நிமிடம். ஏழு, எட்டு நிமிடம் பிடித்தால் ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும்.