அவுட்கம்: விளைவா, பேறா?

மின்பொறியியலில் எம்.இ. சேரும் மாணவருக்குக் கிடைக்கும் பாடத்திட்டம் பாடத்தோடு தொடங்குவதில்லை. 'புரோகிராம் அவுட்கம்', 'கோர்ஸ் அவுட்கம்' என்ற தலைப்புகளே முன்னால் நிற்கும். பெரும்பாலோர் அவற்றைப் புரட்டிவிட்டு நேரே மின்சுமைக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

'அவுட்', 'கம்' இரண்டும் சேர்ந்த சொல் இது. முடிவில் வெளிவந்து நிற்பது என்று பொருள். கல்லூரி எத்தனை மணி நேரம் கற்பித்தது, ஆய்வகத்தில் என்னென்ன கருவிகள் வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத் தரம் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்காவின் ஏபெட் அமைப்பு, 'இன்ஜினியரிங் கிரைட்டீரியா 2000' என்ற வரையறையில் அந்தக் கேள்வியை மாற்றியது: படித்து முடித்தவருக்கு என்ன செய்ய வருகிறது? பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. அது இளநிலைப் பட்டங்களுக்கானது என்றாலும் அதன் சொல்லாட்சி முதுநிலைக்கும் ஏறிவிட்டது. தேசிய அங்கீகார வாரியம் முதுநிலைப் பொறியியலுக்கு வகுத்தவை மூன்றே. தாமாக ஆய்வு செய்து நடைமுறைச் சிக்கலைத் தீர்ப்பது, கனமான தொழில்நுட்ப அறிக்கையை எழுதி முன்வைப்பது, தம் சிறப்புத் துறையில் இளநிலையைவிட மேலான தேர்ச்சி காட்டுவது.

'அப்ஜெக்டிவ்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. அது நோக்கம், கற்பிப்பவர் பக்கத்துச் சொல். 'மின்னமைப்பின் நிலைப்புத்தன்மையைக் கற்பித்தல்' நோக்கம். 'பழுதான மின்தடத்தை எவ்வளவு நேரத்துக்குள் துண்டித்தால் மின்னாக்கி ஒத்தியக்கம் (மற்ற மின்னாக்கிகளோடு ஒத்த வேகத்தில் ஓடுவது) இழக்காது என்று கணக்கிடுவார்' என்பது அவுட்கம்.

தமிழில் எப்படிச் சொல்வது? தமிழகப் பள்ளிக்கல்வியில் 'கற்றல் விளைவு' ஊன்றிவிட்டது. விளை என்ற வேரில் வயலும் விளைச்சலும் தெரிகின்றன, நல்ல சொல்தான். ஆனால் மின்பொறியாளர் காதில் அது வேறு மாதிரி விழும். ஹால் விளைவு, ஒளிமின் விளைவு என்று அவர் பழகிய இயற்பியல் விளைவுகள் யாருடைய முயற்சியையும் கேட்டு நிகழ்வன அல்ல. 'வெளியீடு' இன்னும் மோசம். அது மின்சுற்றின் மறுமுனை. 'அடைவு' பொருந்தும், ஆனால் இலங்கையில் அது நகையை அடகு வைப்பது.

இலங்கை ஆசிரியர் வழிகாட்டிகளில் 'கற்றற் பேறு' என்று இருக்கிறது. படு 'பாடு' ஆனதுபோல, கெடு 'கேடு' ஆனதுபோல, பெறு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பேறு ஆயிற்று. பெற்றவர் ஒருவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். பேறு என்றால் அதிர்ஷ்டம், பிள்ளைப்பேறு என்றெல்லாம் நினைவுக்கு வரும் என்று ஆட்சேபிக்கலாம். ஆய்வேட்டோடு மல்லுக்கட்டியவர் இரண்டையும் மறுக்கமாட்டார்.

ஆகவே புரோகிராம் அவுட்கம் 'பட்டப் பேறு', கோர்ஸ் அவுட்கம் 'பாடப் பேறு' என்பது என் தெரிவு. எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். 'அறிந்துகொள்வார்', 'புரிந்துகொள்வார்' என்று முடிக்கும் வரியை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது. 'வடிவமைப்பார்', 'ஒப்பிடுவார்', 'கணக்கிடுவார்' என்று முடித்தால் அளக்கலாம்.